உப்பிட்டவர் யார்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இப்படி ஒரு செய்தி காதில் விழுந்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்: உள்ளாட்சி தரும் பணத்தில் நடக்கிற ஓர் அமைப்பு; அதை நம்பியிருப்பவர்கள் அதே உள்ளாட்சியைக் கோர்ட்டுக்கு இழுக்கிறார்கள். "உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

நடந்த கதை ஒன்று இருக்கிறது. மேற்கு லண்டனில் சவுத்ஹால், பஞ்சாபிகள் நிறைந்த பகுதி. 1979ல் அங்கே 'சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற பெண்கள் அமைப்பு தொடங்கியது. அன்றைய பிரிட்டிஷ் அரசியலில் 'பிளாக்' என்ற சொல் ஆசியர்களையும் சேர்த்தே குறித்தது. வீட்டில் அடிபடுகிறவர்கள், கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பி வந்தவர்கள், கணவனை விட்டால் விசாவும் போய்விடும் என்று பயந்தவர்கள் அதன் கதவைத் தட்டினார்கள். பத்து வருடம் சித்திரவதை செய்த கணவனை 1989ல் தீ வைத்துக் கொன்று, கொலைக் குற்றவாளியாகச் சிறை சென்ற கிரண்ஜித் அலுவாலியா, 1992ல் விடுதலையானதற்குப் பின்னால் இந்த அமைப்பின் போராட்டம் இருந்தது. ஐஸ்வர்யா ராய் நடித்த 'ப்ரோவோக்ட்' அவர் கதைதான்.

இதற்கு ஈலிங் கவுன்சில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்ட் கொடுத்து வந்தது. 2007ல் கவுன்சில் தன் கொள்கையை மாற்றியது. இனி எந்த இனத்தவராக இருந்தாலும், குடும்ப வன்முறைக்கு ஆளாகும் எல்லோருக்கும் ஒரே சேவை. அதை நடத்துகிறவர்களுக்கே பணம். காரணம்? சமத்துவம், சமூக ஒற்றுமை.

இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. பணம் அளவாகத்தான் இருக்கிறது. அதே கவுன்சிலின் எல்லைக்குள் ஆக்டனில் ஒரு போலந்துப் பெண்ணும் அடிவாங்கலாம். அவளுக்கு என்ன பதில்? யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யத்தானே ஓட்டுப் போட்டு ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள்?

ஆனால் 'எல்லோருக்கும் ஒன்றே' என்பதில் ஒரு சிக்கல். வாசலை எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டு, படியேற முடியாதவரைப் பார்த்து "உன்னை யார் தடுத்தா?" என்று கேட்பது போன்றது அது. மாமியார் வீட்டு மானம், குருத்வாராவில் என்ன பேசுவார்கள் என்ற அச்சம், ஆங்கிலம் வராத தயக்கம்: இதையெல்லாம் முதலிலிருந்து விளக்க வேண்டிய இடத்துக்கு அந்தப் பெண் போகவே மாட்டாள். கணக்குப் புத்தகத்தில் மட்டும் சமத்துவம் பத்திரமாக இருக்கும்.

அமைப்பின் உதவியை நாடிய இரண்டு பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஜூலையில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் நீதிபதி மோசஸ் தீர்ப்பு வழங்கினார். சிறுபான்மையினருக்கான தனிச் சேவையும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்றார். ஒரு முடிவு அந்தப் பெண்களை எப்படிப் பாதிக்கும் என்பதை முடிவெடுப்பதற்கு முன்பே ஆராய வேண்டும் என்றும் சொன்னார். நிதியை என்றைக்கும் நிறுத்தவே கூடாது என்பதல்ல இதன் பொருள். யோசித்துவிட்டுச் செய் என்பதுதான்.

சரி, நன்றி என்னாச்சு?

தமிழில் இந்த வகைப் பணத்துக்கு 'மானியம்' என்கிறோம். ஒரு காலத்தில் அது வரியில்லாமல் விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற வாசனை அதில் இன்னும் போகவில்லை. கவுன்சில் ராஜா இல்லை. அதன் கஜானாவில் இருப்பது ஊராரின் வரி. சவுத்ஹால்காரர்களின் வரியும் அதில் உண்டு. பொதுப்பணத்தைப் பங்கிடும் கணக்குப்பிள்ளையிடம் மரியாதையாக நடந்துகொள்ளலாம். உப்புக்கடன் எதுவும் இல்லை. உப்பிட்டவர்கள் ஊரார்தான். அவர்களுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இந்த வாதம் அமைப்புகளுக்கும் பொருந்தும். பொதுப்பணம் என்றால் அது அமைப்பை நடத்துகிறவர்களின் சொத்தும் இல்லை. நாளைக்கு உதவி கேட்டு வந்த ஒரு பெண், "இங்கே என்னை நீங்கள் கேட்கவே இல்லை" என்று சொன்னால், கவுன்சிலிடம் வைத்த அதே கேள்விக்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வழக்குகூடப் போடாதவர்களின் நிலை. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது, நிதியைப் புதுப்பிக்க வேண்டும் என்கிற நேரத்தில், அறிக்கையில் ஒரு வரியை மெல்ல அழித்துவிடுகிற சிறு அமைப்புகள். "இப்போ எதுக்கு வம்பு?" என்று கவுன்சிலர் முன்னால் ஒரு கேள்வியை விழுங்கிவிடுகிறவர்கள். யாரும் அவர்களை மிரட்டியிருக்க மாட்டார்கள். எந்தக் கோர்ட்டும் அதை விசாரிக்க முடியாது. நன்றி என்ற நல்ல சொல்லின் பேரில்தான் அந்த வரி அழிகிறது. அந்த வரியில் யாருடைய அடி எழுதப்பட்டிருந்தது என்று கேட்க ஆள் இருக்காது.