விடுதிப் பந்தியும் ஆகார சுத்தியும்

கல்லூரிகளைப் பற்றி எழுத முற்படுவோர் நூலகத்தையும் பரிசோதனைச் சாலையையும் விளையாட்டு மைதானத்தையும் விஸ்தாரமாக வருணிப்பார்கள். மாணாக்கர் தங்கும் விடுதிக்கு வரும்போது மட்டும் அறைக்கு எத்தனை பேர், குளிக்கத் தண்ணீர் உண்டா, மாதம் எவ்வளவு ஆகும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெற்றோர் விசாரிப்பதும் அவ்வளவே. ஆயினும், வீட்டை விட்டு வந்து மூன்றாண்டுக் காலம் ஓரிடத்தில் தங்கிப் பட்டப்படிப்புப் பயிலும் ஒரு பிள்ளையின் உள்ளத்தை வகுப்பறையைக் காட்டிலும் ஆழமாகப் பண்படுத்துவது, நாள்தோறும் மூன்று வேளை அவன் யாருடன் அமர்ந்து உண்கிறான் என்பதே என்று நான் நினைப்பதுண்டு. அப்படியானால் விடுதியின் உணவுக்கூடம் நிர்வாகம் செய்து தரும் வசதிகளுள் ஒன்றா, கல்வியின் ஓர் அங்கமா என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடப் புகுந்தால், ஒருவனுடைய ஆசாரம் எந்த எல்லை வரையில் அவனுக்கே சொந்தம் என்ற சமய விசாரத்தில் போய் முட்டிக்கொள்கிறோம்.

திருநெல்வேலிச் சீமையில் இக்கேள்வி புதிதன்று. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்லப்படும் பாளையங்கோட்டையில், 1878-இல் தோன்றிய தூய யோவான் கல்லூரியும், 1895-இல் பெண்களுக்கென எழுந்த சாராள் தக்கர் கல்லூரியும், 1923-இல் சேசு சபையார் நிறுவிய தூய சவேரியார் கல்லூரியும் வெளியூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்தே வளர்ந்தன. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகு விடுதிகளின் எண்ணிக்கை இன்னும் பெருகிற்று. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ், தம்மிடம் பயில வந்த மாணாக்கர் சாதி பாராமல் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

அவ்வூர் விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் நண்பகல் வேளையில் சிறிது நேரம் நின்று பார்த்தால், இந்தத் தத்துவ விசாரம் எவ்வளவு சாதாரணமான உருவத்தில் நடமாடுகிறது என்பது விளங்கும். கழுவி ஈரம் சொட்டச் சொட்ட அடுக்கிய எவர்சில்வர் தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நகர்கிறார்கள். சாம்பார் வாளியில் பருப்பு அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது தெளிவு. “அண்ணாச்சி, கொஞ்சம் அடியில இருந்து ஊத்துங்க” என்று ஒருவன் கெஞ்சுகிறான். “பின்னால நிக்கவனுக்கும் வேணும்லா, தம்பி” என்று சொல்லிக்கொண்டே பரிமாறுபவர் கரண்டியை அடிவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கி அளவாக ஊற்றுகிறார். பங்கீட்டு நீதியைப் பற்றித் தத்துவப் பேராசிரியர் ஒரு பருவம் முழுதும் நடத்தும் பாடம் அந்த ஒரு கலக்கில் அடங்கிவிடுகிறது என்று சொன்னால், பேராசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக.

இனி, நூறாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததற்கு வருவோம். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சென்று, ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்க மனமின்றிப் பட்டத்தையே உதறியவர்; புதுச்சேரியில் பத்தாண்டுக் காலம் தலைமறைவு போன்ற வாழ்வு வாழ்ந்தவர்; பெல்லாரிச் சிறையில் இருந்தபடியே கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதியவர். அத்தகையவர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் அதைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். பாரத்வாஜ ஆசிரமம் என்ற பெயரில் அமைந்த அந்த வித்தியாசாலையில் பண்டைய குருகுல வாசமும் நவீன சாஸ்திரங்களும் கைத்தொழிலும் ஒருங்கே இணைய வேண்டும் என்பது அவர் சங்கற்பம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் அளிப்பதாகத் தீர்மானித்து, அதில் பாதியைக் கொடுத்தும்விட்டது. அதாவது, அடுப்பில் எரிந்த விறகில் எல்லாச் சாதியாருடைய காசும் இருந்தது.

அந்த நிலையில்தான் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உண்கிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. அவர்களுடைய பெற்றோர் சேர்க்கும்போதே அந்நிபந்தனையை விதித்தார்கள், ஐயர் இணங்கினார். ஐயரோ மற்ற மாணாக்கருடன் பொதுப்பந்தியிலேயே உண்டுவந்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே பயின்றவன் என்றும், அவன் வாயிலாகவே விஷயம் வெளிப்பட்டது என்றும் சொல்வார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் கண்டித்து எழுதினார். காங்கிரஸ் கமிட்டியின் காரியதரிசியாய் இருந்த ஈ.வெ. ராமசாமி நாயக்கர் எஞ்சிய பணத்தைத் தர மறுத்தார். 1925 மார்ச்சில் தமிழகம் வந்த காந்தியடிகள், முன்பே வாக்களித்துவிட்ட அவ்விருவரை விட்டுவிடலாம், இனி அத்தகைய நிபந்தனையுடன் எவரையும் சேர்க்கலாகாது என்று ஒரு சமரசம் சொன்னார். அது எவருக்கும் திருப்தி அளிக்கவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பதைத் தேசிய ஸ்தாபனங்கள் அனுசரிக்கலாகாது என்னும் எஸ். ராமநாதனின் தீர்மானம் கமிட்டியில் நிறைவேற, ராஜாஜியும் வேறு சிலரும் பதவி விலகினார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூன் தொடக்கத்தில் பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, அவரும் மாண்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

அரசியல் கண்கொண்டு பார்ப்போர் இதைப் பிராமணர் – பிராமணரல்லாதார் வரலாற்றின் ஓர் அத்தியாயமாகப் படிக்கிறார்கள், அது சரியே. என் மனத்தை உறுத்துவது அதனுள் இருக்கும் சமயப் பிரச்சினை. பெற்றோர் கட்சியையும் அதன் முழு வலிமையோடு சொல்லித்தான் ஆகவேண்டும். என் மகன் எதை, எவ்விடத்தில் உண்ண வேண்டும் என்பது என் மனச்சாட்சியைச் சேர்ந்தது. நான் எவரையும் வையவில்லை, எவர் சோற்றையும் பறிக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு மூலையில் உண்பதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். சாஸ்திரமும் அவர்களுக்கு ஓரளவு துணைநின்றது. ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் உபதேசம். பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே ராமானுஜர், பழைய வாக்கியகாரரைத் துணைக்கொண்டு, உணவுக்கு மூவகைத் தோஷம் உண்டு என்று காட்டுகிறார்: பூண்டு முதலியவற்றைப் போலப் பண்டத்தின் இயல்பிலேயே உள்ளது ஜாதி தோஷம், அது யாரைச் சார்ந்து வருகிறதோ அவரால் நேர்வது ஆசிரய தோஷம், மயிர், எச்சில் முதலியன கலப்பதால் வருவது நிமித்த தோஷம். சங்கரர் இதையெல்லாம் கடந்து, புலன்களின் வழியே உட்புகும் யாவையுமே ஆகாரமாகக் கொண்டு, விருப்பு வெறுப்பு கலவாத அனுபவத்தையே சுத்தி என்றார். சங்கரர் சொன்னதை ஒப்புக்கொண்டால் வழக்கு அன்றே முடிந்துவிடும். ஆனால் எதிர்க்கட்சியின் சாஸ்திரத்தைக் கொண்டே எதிர்க்கட்சிக்கு விடை சொல்வதுதான் நியாயமான வாதம் என்பதால், ராமானுஜர் வழியிலேயே செல்வோம்.

மூன்று தோஷங்களுள் முதலும் மூன்றும் சோற்றைப் பற்றியவை. நடுவில் நிற்பது மனிதனைப் பற்றியது. குணக்கேட்டைக் குறித்து எச்சரிக்க வந்த அந்த நடுத்தோஷம், நாளடைவில் பிறப்பைக் குறிப்பதாகச் சுருங்கியதே நம் சமூகத்தின் பெருங்கேடு என்பது என் கருத்து. ராமானுஜர் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. பிராமணரல்லாத திருக்கச்சி நம்பி உண்ட சேஷத்தைப் பிரசாதமாகப் பெற வேண்டும் என்று அவர் ஏங்கியதையும், அவர் வீட்டில் இல்லாத சமயத்தில் மனைவி நம்பிக்கு அமுது படைத்து அனுப்பிவிட்டு, எஞ்சியதைக் கொட்டி இடத்தை மெழுகிக் குளித்து மறுபடியும் உலை ஏற்றியதையும், அது கண்டு அவர் மனம் நொந்ததையும் குருபரம்பரைக் கதைகள் மறைக்காமல் சொல்கின்றன. இதே தாமிரவருணிக் கரையில், திருக்கோளூர் அந்தணராகிய மதுரகவிகள், வயதில் இளையவரும் வேளாளர் குலத்தவருமான நம்மாழ்வாரைக் குருவாக வரித்து வேறு தெய்வம் அறியாது வாழ்ந்தார். ஆசிரயம் என்பதைக் குணத்தால் அளந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் ஊர்களிலிருந்து சேரன்மாதேவி வெகு தொலைவில் இல்லை.

சாந்தோக்கியத்திலேயே வரும் உஷஸ்தி சாக்ராயணர் கதையும் இங்கே மிகவும் பொருந்தும். குரு நாட்டில் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, அந்த முனிவர் யானைக்காரர் ஊரில், பயறு தின்றுகொண்டிருந்த ஒருவனிடம் யாசித்து அவன் எச்சிலையே வாங்கி உண்டார். அவன் தண்ணீரையும் நீட்டியபோது, அது எச்சில் என்று மறுத்தார். பயறு மட்டும் எச்சில் அல்லவோ என்று அவன் கேட்டான். அதை உண்ணாவிடில் உயிர் தரியாது, தண்ணீரோ நான் விரும்பியபடி கிடைக்கும் என்பது அவர் விடை. ஆபத்துக்காலச் சலுகைக்குப் பிரம்ம சூத்திர உரைகாரர்கள் இதைச் சான்று காட்டுவார்கள். நான் இதில் வேறு இரண்டு செய்திகளைக் காண்கிறேன். அவர் தண்ணீரை மறுத்தது அது எச்சில் என்பதற்காக. கொடுத்தவன் இன்னான் என்பதற்காக அன்று. அதோடு, மறுத்ததன் கஷ்டமும் அவரையே சேர்ந்தது: தாகத்தோடு எழுந்து போனவர் அவரே; யானைக்காரனை யாரும் அப்பால் போய் உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் அரசனுடைய வேள்வியில் அதே முனிவர், சாமகானத்தின் ஒரு பகுதிக்குரிய தேவதை அன்னமே என்று போதிக்கிறார். பசித்துத் தேறியவன் சொல்லக்கூடிய சித்தாந்தம் அது.

விரதம் என்பது தன் பளுவைத் தானே சுமப்பவனுக்கு உரியது. ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கும் பிள்ளையும், ரம்ஜான் மாதத்தில் விடியுமுன் எழுந்து உண்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளையும், வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் பிள்ளையும் விடுதியில் ஒருவர்க்கொருவர் ஆசிரியர்கள். சேரன்மாதேவியில் நேர்ந்தது அவ்வகையில் சேர்ந்ததன்று. அங்கே விலகல் உணவைக் குறித்ததன்று, உடன் உண்போரைக் குறித்தது. அதன் பளுவை விலகிய இருவர் சுமக்கவில்லை, பொதுப்பந்தியில் எஞ்சியோர் சுமந்தார்கள். தன்னோடு வகுப்பில் அமர்பவன் தன்னோடு இலையில் அமர மாட்டான் என்பதை ஒரு சிறுவன் தினமும் பார்த்தால், அவனுக்குக் கற்பிக்கப்படும் சமத்துவம் எந்த நூலில் இருந்து என்ன பயன்? ஐயரிடம் வஞ்சகம் இல்லை. அவர் தம் அளவில் வேற்றுமை பாராட்டாதவர். தாம் பாராட்டாததைத் தம் ஸ்தாபனம் பாராட்டலாம் என்று இடங்கொடுத்ததுதான் அவர் தவறு என்று நான் நினைக்கிறேன். காந்தியடிகள் வாக்குத் தவறாமையைப் பெரிதாக எண்ணினார்; அந்த வாக்கினால் யாருடைய மானம் ஈடுவைக்கப்பட்டது என்பதை அவர் போதுமான அளவு எண்ணவில்லை.

அக்காலத்தில் பட்டணத்து நிலைமையும் இதுவே. பிராமணரல்லாத கல்லூரி மாணாக்கர் தங்கவும் உண்ணவும் இடமின்றி அலைவதைக் கண்டு டாக்டர் சி. நடேச முதலியார் 1916-இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை ஏற்படுத்தினார் என்றால், பின்னர் பெரிய இயக்கமாய் விரிந்த ஒன்றுக்குச் சோற்றுப் பிரச்சினையும் ஒரு வித்து என்று சொல்லலாம். சமபந்தியைச் சமய சாதனையாகவே நடத்திக் காட்டியவர்களும் இங்கே உண்டு. நெல்லைக்குத் தெற்கே சுவாமித்தோப்பைச் சேர்ந்த ஐயா வைகுண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் அடியார்களைக் கடற்கரையில் ஒன்றாகத் தங்கி ஒன்றாக உண்டு துவையல் தவசு என்னும் நோன்பு புரியச் செய்தார். 1867-இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு சாதி கேட்காமல் இன்னும் எரிகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடம் ஒன்றில், சைவ உணவு கொள்வோருக்குத் தனி வாயில், கை கழுவத் தனித்தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, கண்டனம் எழுந்ததும் அகற்றப்பட்டது. திருநெல்வேலி மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறமாக மணிக்கட்டில் கயிறு கட்டும் வழக்கமும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சகமாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமையும், அதன் விளைவாக நீதிநாயகம் கே. சந்துரு மறு ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையும் எல்லோரும் அறிந்தவை. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று வெவ்வேறு பெயரில் இயங்கிவந்த அரசு விடுதிகள் அனைத்தும் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் பெற்றன. பெயர்ப்பலகை மாறியது நன்று. உள்ளே யார் யாரோடு உண்பார்கள் என்பது பலகையால் தீர்வதில்லை.

ஆகவே ஒரு வார்டன் என்னிடம் யோசனை கேட்டால், ராமானுஜரின் மூன்று தோஷங்களையே அளவுகோலாகத் தருவேன். மரக்கறி மட்டும் உண்ணும் பிள்ளை தனிப்பாத்திரமும் தனிக்கரண்டியும் கேட்டால் தயங்காமல் கொடுக்கட்டும். அது பண்டத்தைப் பற்றிய கவலை. சமையற்கட்டில் தலைக்குத் துணி கட்ட வேண்டும் என்று கேட்டால் அதுவும் நியாயம். தனி வாயில், தனித்தொட்டி என்று வந்தால் மறுத்துவிடட்டும். வாயிற்படியில் எந்தப் பண்டமும் வேகவில்லை. தனிமேசை என்பதுதான் கடினமான இடம். மீன் குழம்பின் வாடை ஒருவனுக்கு உண்மையிலேயே குமட்டக்கூடும். அவன் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தால் தவறில்லை, மீன் உண்பவன் தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாலும் தவறில்லை. அந்த மேசை இன்னாருக்கு என்று நிர்வாகம் எழுதி ஒட்டாமல் இருந்தால், மற்றதைப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.