மீனிடம் சொல்லும் பொய்

மதுரைக்கு மேற்கே வைகையின் தென்கரையில் அமைந்த ஊர் கோச்சடை. நகரம் விரிந்து அவ்வூரைத் தன்னுள் இழுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. எனினும் ஐப்பசி மழையில் பக்கத்து மாடக்குளம் கண்மாய்க்கு நீர் ஏறிவிட்டால், தூண்டிலும் கையுமாகக் கரையில் அமர்வோர் இன்றும் உளர்.

அத்தகைய ஒரு நாளில் என் மகளின் மகன், பதினான்கு வயதுப் பிள்ளை, தேய்ந்துபோன ஹவாய்ச் செருப்பு ஒன்றைப் பிளேடால் செதுக்கிக்கொண்டிருந்தான். கட்டைவிரல் அளவு துண்டு. அடியில் ஒரு கீறல். அக்கீறலுக்குள் இரட்டை முள்ளின் தண்டு. நூலால் இறுகச் சுற்றிப் பசையிட்டான். முள்ளின் நுனிகள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நின்றன. ஆகாயத்தாமரையில் சிக்காமலிருக்க அந்த ஏற்பாடாம். பின்புறம் இரண்டு ரப்பர் நாடாக்கள், கால்கள். தவளை ஆயிற்று. அந்த நுரை ரப்பரின் உள்ளே இருக்கும் காற்றறைகள் மூடுண்டவை. ஆதலால் நீரை உறிஞ்சாது, எத்தனை முறை அமிழ்த்தினாலும் மேலே வந்து மிதக்கும். விரால் மீனுக்கு இது போதுமாம்.

வேலையின் நடுவே அவன் கேட்டான்: "நன்னா, புகாரி இமாம் கதையை மதரசாவில் சொன்னார்கள். காலிப் பையைக் காட்டிக் குதிரையைக் கூப்பிட்டவரிடம் ஹதீஸ் வாங்காமல் திரும்பிவிட்டார்களாமே. இந்தத் தவளையும் காலிப் பைதானே?"

நம் வீடுகளில் பரம்பரையாகச் சொல்லப்பட்டுவரும் கதை அது. தொலைதூரம் நடந்து சென்ற இமாம் (ரஹ்) அவர்கள், தீனி இருப்பதாகப் பாவனை செய்து விலங்கை அழைத்த மனிதரைக் கண்டு, விலங்கிடம் பொய்யுரைப்பவரின் சொல்லை நம்பலாகாதென மீண்டதாகக் கூறுவர். நானே அவனுக்குப் பலமுறை சொன்னதுண்டு. அன்று விடை சொல்ல நா எழவில்லை.

இந்தப் பொய் புதியதன்று. கி.பி. இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டுகளில் ரோமில் வாழ்ந்த ஈலியன் என்பார், மக்கெதோனிய ஆறொன்றில் செந்நிறக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி, ஈயென மயக்கி மீன் பிடித்தோரைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற ஆங்கிலேயர் டிரவுட் மீனைப் பெருக்கினார். அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. அம்மீனுக்கும் செயற்கை ஈதான் இரை. இப்போது அந்த ஈக்களையும் நுரைத் துண்டில் கட்டுகிறார்கள். நுரையை மடித்து மடித்து நூலால் இறுக்கினால் வெட்டுக்கிளியின் உடல் வளையங்கள் வந்துவிடும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வருவதை அடியிலிருந்து பார்க்கிறது. உருவத்தில் குறை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஓட்டத்தோடு சேராமல் ஈ இழுபட்டுச் சென்றால் ஒதுங்கிவிடும். தூண்டிற்காரன் பொய்யைப் பழுதறச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இனி, மெய்யான இரையைப் பார்ப்போம். விராலுக்கு வழக்கமாக இடுவது உயிருள்ள தவளை. முதுகில் முள்ளைக் கோத்து நீரில் விடுவார்கள். அது துடிக்கத் துடிக்கத்தான் மீன் வரும். அங்கே பொய்யில்லை, தவளை தவளைதான். ஆனால் மருந்துக்காகத் தவளையைக் கொல்லலாமா என்று மருத்துவர் ஒருவர் வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. செருப்புத் துண்டு ஒரு தவளையின் வேதனையை மிச்சப்படுத்துகிறதென்றால், அதைப் பொய் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அன்றியும், வேட்டையை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. பதுங்கலும் மறைதலும் இல்லாத வேட்டை ஏது? நான் எண்ணிப் பார்த்த அளவில், குதிரைக்காரரின் குற்றம் பை காலியாக இருந்தது மட்டுமன்று. அந்தக் குதிரை அவருடையது. அவர் கையில் தின்று பழகியது. அந்தக் கையை நம்பி வந்தது. கண்மாய் விராலோ நம்மை நம்பியதில்லை. நம் நிழல் விழுந்தாலே ஓடுகிறது. நம்பிக்கையை அமானிதமாகப் பெற்றவன்தான் அதை மோசம் செய்ய முடியும்.

இப்படிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படுகிறது. சிலர் ஒரே இடத்தில் பல நாள் தவிடும் பொரியும் தூவி மீன்களைப் பழக்குவார்கள்; பழகியபின் தூண்டில் போடுவார்கள். அவர்கள் தூவியது உண்மையான தீனி. ஆயினும் அந்தக் குதிரைக்காரருக்கு நெருங்கிய உறவினர்கள் அவர்களே என்பது என் கருத்து. உண்ணும் எண்ணமின்றி, மீன் வாயைக் கிழித்து மகிழ்ந்துவிட்டுத் திரும்ப நீரில் விடும் மலைநாட்டுப் பொழுதுபோக்கும் எனக்கு உவப்பானதன்று. அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

விராலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது தன் குஞ்சுகளைக் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்செடுக்க, கீழே பெற்றவை காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். எதிரியென்று எண்ணிக் கவ்வும். தூண்டிற்காரர்கள் இதை நன்கறிவர். குஞ்சு தெரியும் இடத்தில் எறியக் கூடாது என்று பேரனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பசியை ஏமாற்றுவது வேறு. பாசத்தையே தூண்டில் இரையாக்குவது வேறு என்று விளக்கினேன். அவன் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது?" என்றான்.

அவனுக்கு ஐந்து வயதிருக்கும்போது தொண்டையில் சதை வளர்ந்து அறுவை செய்ய நேர்ந்தது. ஊசி என்றாலே அலறும் பிள்ளை. அவன் அத்தா அப்போது சவூதியில் இருந்தார். "அத்தா வருகிறார், விமான நிலையத்துக்குப் போகிறோம்" என்று சொல்லி வண்டியில் ஏற்றியவன் நான்தான். நல்லதற்காகச் சொன்னதென்று ஒன்பது ஆண்டுகளாக என்னையே சமாதானப்படுத்தி வந்திருக்கிறேன். உடல் தேறியதும் உண்மையே. ஆனால் கதவு திறந்தபோது அவன் கண்கள் அத்தாவைத் தேடியதை நான் மறந்தவனல்லன். தன் குழந்தையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்த தாயிடம், என்ன தர நினைத்தாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியைச் சிறு வயதிலேயே மனனம் செய்தவன் நான்.

"அது தப்புத்தான், என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் நிமிரவில்லை. தவளையின் இரண்டாம் காலைக் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"அன்றைக்கு ரோஜா மாலைகூட வாங்கினீர்களே, நன்னா" என்றான்.