கயிற்றின் முனை

1970களின் நடுவில் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஏழு வயது. இங்கிலீஷில் என் பெயரைச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா டிவியைப் போட்டுவிட்டுத் தட்டில் தயிர்சாதம் வைப்பாள். 'தி லிட்டில் ராஸ்கல்ஸ்' ஓடும். கண்ணைச் சுற்றி வட்டம் போட்ட நாய். உச்சியில் ஒரு கொத்து முடி விறைத்து நிற்கும் ஆல்ஃபால்ஃபா. மொட்டைத் தலையில் வட்டக் கறுப்புத் தொப்பி வைத்த ஸ்டைமி. பேச்சு ஒன்றும் புரியாது. சண்டை புரிந்தது. சமாதானமும் புரிந்தது.

*

அந்தப் படங்களின் அசல் பெயர் 'அவர் கேங்'. தயாரிப்பாளர் ஹால் ரோச் 1922-ல் தொடங்கினார். 1944 வரை 220 குறும்படங்கள் வந்தன. பழைய படங்கள் 1955-ல் டிவிக்குப் போனபோது, அசல் பெயர் எம்ஜிஎம் பட நிறுவனத்தின் வசம் இருந்ததால் வேறு பெயர் வைத்தார்கள். திரையில் ஓடியவர்கள் என் அப்பாவைவிட மூத்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களைச் சேக்காளிகளாகவே நினைத்திருந்தேன்.

*

இந்தப் படங்கள் எப்படித் தோன்றின என்று ரோச் சொன்ன கதை ஒன்று உண்டு. நடிக்க வாய்ப்புக் கேட்டு ஒரு சிறுமி வந்தாள். முகம் நிறையப் பூச்சு, மனப்பாடம் செய்த பாவனை. அவள் போனபின் ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே இருந்த மரக்கடைப் பக்கம் சில பிள்ளைகள். ஆளுக்கொரு குச்சி. பெரிய குச்சி சின்னப் பையன் கையில். அது பெரியவனுக்கு வேண்டும். அந்த வழக்கை ரோச் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிள்ளைகள் சண்டை போட்டால் விலக்கிவிடத்தான் நமக்குக் கை போகும். அவருக்குப் பார்க்கத் தோன்றியது.

*

சில காட்சிகள் நடுவில் திடீரென்று தாவும். டிவி கோளாறு என்று நினைப்பேன். கறுப்பினப் பிள்ளைகளைக் கேலி செய்யும் இடங்களை 1971 வாக்கில் வெட்டியெடுத்தார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் அறிந்தேன். படங்கள் எடுக்கப்பட்டதோ, பல மாநிலங்களில் சட்டம் போட்டுப் பிள்ளைகளை நிறம் பார்த்து வேறுவேறு பள்ளியில் உட்கார வைத்த காலத்தில். இந்தப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகளான ஃபரீனாவும் ஸ்டைமியும் மற்றவர்களோடு ஒன்றாகத் திரிந்தார்கள். அதே படங்கள் அவர்களைக் கேலியும் செய்தன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

*

'ஹை நெய்பர்', 1934. பணக்காரப் பையனிடம் பளபளக்கும் பொம்மைத் தீயணைப்பு வண்டி. நம் கூட்டமோ ஓட்டை உடைசலைச் சேர்த்துத் தங்களுக்கு ஒன்று கட்டுகிறது. பெரியவர்கள் வீடு கட்டும்போது இருக்கும் அதே கவனம் அந்த முகங்களில்.

நான் அந்தப் படங்களைப் பார்த்த கோடையில் எங்கள் குடியிருப்பின் பின்புறமும் ஒரு வண்டி உருவானது. அட்டைப் பெட்டி, பலகை, பழைய தள்ளுவண்டியின் சக்கரங்கள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. சக்கரத்தில் குனிந்திருந்த பையன் நிமிராமலே ஒரு கயிற்றின் முனையை என் பக்கம் நீட்டினான்.

இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.