பெயருக்குப் பட்ட கடன்

சிறு கூட்டத்துக்குள் பிறக்கும் கலை அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டது? ‘டெத்’ என்ற அமெரிக்க இசைக்குழுவின் வளர்ச்சி இக்கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

1983இல் ஃப்ளாரிடாவில் ‘மேன்டஸ்’ என்று தொடங்கி அடுத்த ஆண்டே பெயர் மாறிய குழு இது. ஒலிநாடாக்கள் தபாலில் கைமாறியே இதற்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். முதல் இசைத்தட்டு ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ (1987) முழுக்கப் பிணமும் ரத்தமும் உறுமலும்தான். ‘ஹ்யூமன்’ (1991) தட்டில் பிணங்கள் அகன்று மனம் பொருளாயிற்று, தாளம் சிக்கலாயிற்று, ஜாஸில் ஈடுபாடு கொண்ட கைகள் உள்ளே வந்தன. 1998இல் வந்த கடைசித் தட்டில் உறுமலே உச்சக் கிறீச்சிடலாகிவிட்டது. ஏழு தட்டுகளிலும் மாறாதிருந்தவர் சக் ஷுல்டினர் ஒருவரே.

இதைத் துரோகம் என்பது எளிது. ஆனால் முதல் ரசிகன் விரும்பியது அந்த உறுமலையா, பழகிய ஒலியை மறுத்த துணிவையா? உறுமலை என்றால் நகல்கள் போதும். அவை ஏராளமாய் வந்துவிட்டன. துணிவை என்றால், செய்ததையே திரும்பச் செய்வதுதான் துரோகம்.

அதற்காக மாற்றமே நேர்மைக்கு அத்தாட்சியாகிவிடாது. சந்தைக்காகவும் மாறலாம். ஷுல்டினரின் மாற்றம் கேட்பவனிடம் மேலும் மேலும் உழைப்பைக் கோரியது. அதன் விலையை உடன் வாசித்தவர்களும் கொடுத்தார்கள். ஏறக்குறைய தட்டுக்குத் தட்டு ஆட்கள் மாறினார்கள்.

உறுமலே இல்லாமல் பாடும் குரல் வேண்டுமென்று தோன்றியபோது ‘டெத்’ என்ற பெயரில் அதைச் செய்யவில்லை அவர். ‘கன்ட்ரோல் டினைட்’ என்று வேறு குழு அமைத்தார்; அதன் தட்டு 1999இல் வந்தது. 2001இல், மூளைக் கட்டியால், முப்பத்துநான்கு வயதில் இறந்தார். ஒரு பெயர் எதுவரை நீளும் என்பதை ரசிகர்கள் தீர்மானிக்க அவர் விடவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டென்பதை ஒப்புக்கொண்டார்.