மூடியைத் திறந்து பார்!

மீன் தொட்டியில் விளக்கு எரியவில்லை. உடனே வாயில் வருவது என்ன? "நமக்கு இதெல்லாம் வராது, ஆளைக் கூப்பிடு!" யார் சொன்னது வராதென்று? நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த நீ அந்த வார்த்தையைச் சொல்லலாமா?

தம்பி, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். 1930களில் இதே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று வந்தது. ஏதோ கரிமண் என்று ஒதுக்கித் தள்ளாமல், அது என்னவென்று கேட்டார் அந்த மனிதர். பழுப்பு நிலக்கரி! ஆனால் அதை எடுப்பது லேசான காரியமா? நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணை அப்படியே அகற்றினால் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஏறிவிடும். நம்மவர்கள் ஓடிப்போகவில்லை. கோளாறு எங்கே என்று பார்த்தார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அந்த அழுத்தத்தைத் தணித்தார்கள். 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கம், 1961இல் நிலக்கரியைத் தொட்டது. 1962இல் முதல் 50 மெகாவாட் மின் உற்பத்தி அலகு ஓடியது. இன்றைக்கும் அந்த பம்புகள் நிற்கவில்லை.

அப்படி மின்சாரம் எடுத்த ஊரில் இருந்துகொண்டு, இரண்டடி ட்யூப் லைட்டைக் கண்டு பயப்படாதே!

முதலில் பிளக்கைப் பிடுங்கு. ஸ்விட்சை அணைத்தால் போதாது. தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. கையைத் துடை. அவசரமே வேண்டாம், ஓரிரு நாள் வெளிச்சம் இல்லாவிட்டால் மீன் செத்துவிடாது. இப்போது விளக்கு பொருத்திய தொட்டி மூடியைத் திறந்து, ட்யூபைத் திருகி எடுத்து இரு முனைகளையும் பார். அடர்கறுப்பாக இருந்தால் அதன் ஆயுள் முடியப்போகிறது. பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா? தொட்டியிலிருந்து எழும் ஈரம் செய்த வேலை அது. உப்புத்தாளால் தேய்த்து, ஹோல்டரையும் உலர்த்தி மாட்டு. எத்தனையோ தொட்டிகளில் கோளாறே இவ்வளவுதான்!

அதற்கும் எரியவில்லையா? விளக்கு தரும் சாடையைக் கவனி. இரு முனையும் சிவந்து நின்று, நடுவில் வெளிச்சம் பரவவில்லை என்றால் குற்றவாளி ஸ்டார்ட்டர். அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் உலோகத் தகடு. சூட்டில் தகடு வளைந்து தொடும்போது முனைகளின் இழைகள் காய்கின்றன. ஆறி விலகும் நொடியில் சோக் என்ற கம்பிச்சுருள் ஓர் உயர் மின்னழுத்த உதை கொடுக்கிறது. ட்யூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி விழித்துக்கொள்கிறது. தகடு ஒட்டிக்கொண்டு விலகாவிட்டால் உதை ஏது? புது ஸ்டார்ட்டர் போடு. விட்டு விட்டு மினுக்கினாலும் முதலில் ஸ்டார்ட்டர், பிறகு ட்யூப், கூடவே வீட்டில் லோ வோல்டேஜா என்றும் பார்.

துளி அசைவும் இல்லையா? பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு கருவியை மாட்டிப் பார். ஸ்டார்ட்டர், ட்யூப் இரண்டையும் ஒவ்வொன்றாக மாற்று. ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் எது கெட்டதென்று தெரியாமலே போகும். அது வேலை இல்லை, குருட்டு அதிர்ஷ்டம். கடைசியில்தான் சோக், வயரிங். அந்தக் கட்டத்தில் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடு. அது கோழைத்தனம் அல்ல. ஆனால் அவரிடம், "இது மட்டும் பாக்கி, மற்றதெல்லாம் பார்த்துவிட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்! மூடியைக்கூடத் திறக்காமல் மொத்த விளக்குப் பட்டியையும் தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. சில மூடிகளில் எலக்ட்ரானிக் சோக் இருக்கும், ஸ்டார்ட்டர் இருக்காது. அதனால் என்ன, அதையும் தெரிந்துகொள்!

மாட்டி முடித்ததும் வயரை பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடு. வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பழைய ட்யூபை உடைக்காதே, உள்ளே பாதரசம். விளக்கு எரிந்ததும் ஓய்ந்துவிடாதே. பக்கத்தில் உறுமிக்கொண்டு குமிழே விடாமல் கிடக்கிறதே ஏர் பம்ப், அதன் பிளக்கையும் பிடுங்கி அடிமூடியைக் கழற்று. உள்ளே ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கும், கிழிந்திருக்கிறதா, பார்.