பொருந்தாத பதிவுகள்

என் வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றுவிட்டன. கடைசியில் ஒருநாள், "பெட்டி வரைவேன்மா. ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொரு பெட்டிக்கு அம்புக்குறி போடுவேன்" என்றேன். "இதுக்கா இவ்வளவு சம்பளம்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பெரிய கம்பெனி எதிலும் ஒரே மென்பொருள் இருப்பதில்லை. சம்பளத்துக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று. இவை போக, எழுதியவர் ஓய்வுபெற்றுப் போனபின்னும் இரவுதோறும் தவறாமல் ஓடும் பழைய கோபோல் நிரல் ஒன்றும் இருக்கும். இவற்றை ஒன்றோடு ஒன்று பேசவைப்பதுதான் ஆர்க்கிடெக்ட் வேலை. பெரும்பாலும் சலிப்பானது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது சலிப்பானதல்ல: ஒரு மனிதரைப் பற்றி இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாகச் சொல்லும்போது எதை நம்புவது? இதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு, 'சிங்கிள் சோர்ஸ் ஆஃப் ட்ரூத்'. உண்மையின் ஒரே ஊற்று! தத்துவவாதிகள் ஈராயிரம் ஆண்டுகளாக முடிக்காத விஷயத்தை நாங்கள் அரைமணி நேர மீட்டிங்கில், டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியது. இரண்டுக்கும் தமிழ்நாட்டில் ஆலைகள். ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், இறந்தவர்களின் மனைவிமார் என எல்லோருடைய பதிவுகளையும் ஒன்றாக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு மென்பொருளில் பெயருக்கு ஒரே கட்டம். இன்னொன்றில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு. இரண்டையும் நிரப்பியே தீரவேண்டும். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கிளார்க் கடைசிப்பெயரில் புள்ளி வைத்திருந்தார். ஒருவர் அப்பா பெயரைப் போட்டிருந்தார். ஒருவர் அதே பெயரை இரண்டு தடவை அடித்திருந்தார். பிறந்த தேதியாவது உதவுமா என்றால், பழைய தொழிலாளர்களில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்திருந்தார்கள். அவையெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வைத்த பிறந்தநாள்கள்.

நான் ஒரு விதி எழுதினேன். பொருந்தும் பதிவுகள் தானாகப் போகும். பொருந்தாதவை தனிப் பட்டியலுக்குப் போகும்; சரிபார்க்கப்படும் வரை பணம் நிறுத்திவைக்கப்படும். ஒருவருக்கே இரண்டு தடவை பணம் போய்விடக் கூடாது என்ற பயம்தான் காரணம். தணிக்கைக்காரர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது மாதம் ஆலை அலுவலகத்திலிருந்து போன். "சார், ஒரு அம்மா காலைலேர்ந்து உக்காந்திருக்காங்க. வீட்டுக்காரரு நம்ம மில்லுல இருந்து இறந்துபோனவரு. மூணு மாசமா பணம் வரலியாம்."

"எக்ஸெப்ஷன் லிஸ்ட்ல இருப்பாங்க. ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்ச டிக்கெட்டு பஸ் டிக்கெட்டுதான் சார்."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மாவின் பணத்தை நிறுத்தியது யார்? கணினி இல்லை. அது சொன்னதைச் செய்தது. கையெழுத்துப் போட்ட ஏழு பேரும் ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு பாவத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் சந்தேகம் வந்தால் அதன் பலன் ஆளுக்கா, கணக்குக்கா என்று அந்த வரியில் ஒரு தீர்ப்பு இருந்தது. அதைத் தீர்ப்பென்று தெரியாமலே எழுதியவன் நான்.

பிரிட்டனின் தபால் நிலையக் கதையை அதற்குப் பிறகுதான் கவனித்துப் படித்தேன். 1999 முதல் அங்கே கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் வந்தது. உருவாக்கி நடத்தியது ஃபுஜிட்சு. திரையில் பணம் குறைந்தால் கிளையை நடத்துபவர் கைக்காசைப் போட்டு நேராக்க வேண்டும். முடியாதவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களில் பலருக்கு, 'இப்படி உங்களுக்கு மட்டும்தான் நடக்கிறது' என்று பதில் கிடைத்திருக்கிறது. ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் இருந்தன, கிளைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்ற முடிந்தது என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை.

இதில் என்னை உலுக்கியது மென்பொருள் பிழை அல்ல. பிழை எல்லா மென்பொருளிலும் உண்டு. உலுக்கியது ஒரு சட்டப்பிரிவு. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணினித் தகவலைச் சாட்சியமாகக் கொண்டுவருபவர் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டியிருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை நீக்கியது. அதன்பின், மாறாக ஏதும் காட்டப்படாத வரை கணினி சரியாக இயங்கியது என்றே கொள்ளப்பட்டது. அதாவது ஒரு டீஃபால்ட் வேல்யூ மாறியது. நான் எழுதிய வரிக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

நண்பர் ஒருவர் விடாமல் வாதாடினார். "எல்லாரையும் நம்பி பணம் கொடுத்தா, நாளைக்கே செத்தவன் பேர்ல ஊரே வாங்கும்யா." உண்மைதான். டீஃபால்ட் இல்லாமல் எந்த அமைப்பும் ஓடாது. ஆனால் இரண்டு தவறுகளும் ஒரே எடை இல்லையே. இரண்டு தடவை கொடுத்துவிட்டால் கம்பெனி அடுத்த மாதம் பிடித்துக்கொள்ளலாம். மூன்று மாதம் வாங்காமல் விட்ட சர்க்கரை மாத்திரையை யாரிடம் பிடித்துக்கொள்வது? இன்னொன்று, தவறு எங்கே என்று தேடிப்பார்க்கிற லாக் எங்களிடம் இருந்தது. அந்த அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. தேடும் வசதி உள்ளவன்தானே தேட வேண்டும்?

மெல்வின் கான்வே என்ற கணினியாளர் 1968இல் ஒன்று சொன்னார்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும். எங்கள் மீட்டிங்குகளில் நிதி இருந்தது, தணிக்கை இருந்தது. ஆலை அலுவலக கிளார்க் இல்லை. என் படத்திலும் அவரிடமிருந்து ஒரு அம்பு இல்லை.

விதியை மாற்றினேன். பணம் போய்க்கொண்டே இருக்கும், 90 நாளில் கம்பெனியே சரிபார்க்க வேண்டும் என்று. சில இரட்டைப் பட்டுவாடாக்கள் நடந்தன. இறந்துபோன ஒருவருக்கு ஐந்தாறு மாதம் பணம் போனது. தணிக்கைக் குறிப்பில் என் பெயர் ஏறியது. இன்னும் அங்கேதான் இருக்கும். அந்த அம்மாவுக்கு ஐந்தாவது மாதம் பாக்கியோடு வந்தது. "எங்கயாவது கைநாட்டு வைக்கணுமான்னு கேக்குறாங்க சார்" என்றார் கிளார்க். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் கேட்க வழியும் இல்லை.

போன வருஷம் வேறொரு கம்பெனி, வேறொரு புதிய மென்பொருள். அதே கடைசிப்பெயர்க் கட்டம், அதே சிவப்பு நட்சத்திரக் குறி. வரைந்தவன் விருதுநகர்ப் பக்கத்துப் பையன். "உன் பாஸ்போர்ட்ல கடைசிப்பேரு என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"அப்பா பேரு சார்."

"ஆதார்ல?"

"வெறும் இனிஷியல்."

"பேங்க்ல?"

கொஞ்சம் யோசித்தான். "அதை வீட்டுக்குப் போய்ப் பாத்துத்தான் சார் சொல்லணும்" என்றான்.