தன்னையே தெரியாத சாட்சி

2022 நவம்பர் 25. சென்னை உயர் நீதிமன்றத்தில், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்பு கேமரா காட்சி ஓடுகிறது. அதில் வரும் இளம்பெண் யார் என்று சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் நீதிபதிகள் கேட்கிறார்கள். தெரியாது என்கிறார் அவர். கேட்டது அவரைப் பற்றித்தான்.

2015 ஜூனில் சாதியின் பெயரால் கடத்திக் கொல்லப்பட்ட பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் வழக்கு இது. கொலைக்கு முன் அவரோடு கோயிலில் இருந்த தோழிதான் முக்கிய சாட்சி. 2018-இல் நாமக்கல்லில் விசாரணை நடந்தபோதே அவர் முந்தைய வாக்குமூலத்திலிருந்து விலகிவிட்டார். ஊர்ப்பேச்சில் இது 'பல்டி'. சட்டத் தமிழில் 'பிறழ் சாட்சி'. 'hostile' என்ற ஆங்கிலச் சொல் சாட்சியைப் பகையாளி ஆக்குகிறது; தமிழ்ச்சொல்லுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

பிறழ்வுக்குக் காரணம் என்ன என்பதில்தான் உளவியலுக்கு வேலை. நினைவு தானாகவே பிசகும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், வெறுமனே 'மோதியபோது' என்று இன்னொரு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 16 பேர், இரண்டாவதில் 7 பேர். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் தன் முகத்தையே தெரியாது என்பதை நினைவுப் பிசகு என்று யாரும் நம்பப்போவதில்லை. உயர் நீதிமன்றமும் நம்பவில்லை. உண்மையைச் சொல்ல அவகாசம் கொடுத்தது, பிறகும் அவர் மாறாததால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது.

அது முறைதானா?

மகனை இழந்த தாயின் பக்கம் நின்றால் முறைதான். கடைசியாக உடனிருந்தவர் வாய் மூடினால் இறந்தவருக்காகப் பேச வேறு யார்? பயம் எல்லாப் பொய்க்கும் மன்னிப்பு என்றாகிவிட்டால், மிரட்டத் தெரிந்தவன் கையில் வழக்கு போய்விடும். ஆயினும் மிரட்டியவன் முகம் தெரியாமல் இருக்க, மிரண்டவர் மட்டும் தண்டனைக்கு நிற்பதில் ஒரு கோணல் இருக்கிறது. சாட்சியம் சொல்லிவிட்டு அவர் திரும்பப் போவது அதே தெருவுக்கு, அதே உறவுகளுக்கு நடுவில். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றதே 2018 டிசம்பரில்தான். வாசலில் போலீஸை நிறுத்தலாம். சாதிச் சொல்லும் சொந்தக்காரர் சொல்லும் அந்த வாசல் வழியாகவா வருகின்றன? காப்பாற்ற முடியாத அரசுக்கு அவரைத் தண்டிக்கும் தகுதி குறைவு என்றே தோன்றுகிறது.

வழக்கு அவரை நம்பியே நின்றுவிடவில்லை என்பது ஆறுதல். மதுரை வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதன்மைக் குற்றவாளியான யுவராஜ் உள்ளிட்ட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் கோயிலுக்கே போய்ப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தார்கள். பேசாத சாட்சியின் இடத்தைக் கேமரா நிரப்பியது.

சாட்சிகள் அடுத்தடுத்துப் பிறழ்ந்ததால், தாயின் கோரிக்கையை ஏற்றே வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. உள்ளூர் அழுத்தம் எட்டாத தூரத்தில் சாட்சிகள் நிற்கட்டும் என்ற அந்த ஏற்பாட்டில் நல்ல உளவியல் இருந்தது. அது நடந்தது 2019-இல். அந்தப் பெண் நாமக்கல் கூண்டிலிருந்து இறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.